ரிவ்வார் ரெவியர் ஆன வரலாறு

பிரான்சு நாட்டின் தென்மேற்கே, தோர்தோன் ஆற்றங்கரையில் சேந்த் ஃபுவா என்னும் ஊர் உள்ளது. அவ்வூருக்கு அருகில் வாழ்ந்த இசாக் ரிவ்வார் என்பவர் தம் குடும்பச் செய்திகளைச் சுருக்கமாக எழுதிவைத்தார். அப்போலோ என்னும் மகன் 1702ஆம் ஆண்டு நவம்பர் 30ஆம் நாள் இரவு பத்து மணியளவில் பிறந்தான் என்பது அவற்றுள் ஒன்று. அவனுக்கு ஞானத்தந்தையாக நின்றவர் யார், ஞானத்தாயாக நின்றவர் யார் என்பதையும் இசாக் குறித்துள்ளார். அதே மகனைப் பற்றி இன்னொரு செய்தியும் உண்டு. அவன் 1715ஆம் ஆண்டு நவம்பர் 21ஆம் நாள் கெர்ன்சித் தீவுக்குப் புறப்பட்டான் என்பதே அது. நாள்களை எண்ணிப் பாருங்கள். பதின்மூன்று வயது நிறைய அவனுக்கு இன்னும் ஒன்பது நாள்கள் இருந்தன.

அத்தனை சிறிய வயதில் பிள்ளையைப் பெற்றோர் ஏன் கடல் கடந்து அனுப்பினர்? ரிவ்வார் குடும்பத்தார் ஹியூகெனாட்டுகள், அதாவது பிரான்சு நாட்டுச் சீர்திருத்தக் கிறித்தவர்கள். நான்காம் ஹென்றி மன்னர் 1598இல் பிறப்பித்த நாண்டிஸ் ஆணை அவர்களுக்கு வழிபாட்டு உரிமை அளித்திருந்தது. 1685இல் பதினான்காம் லூயி அதனை நீக்கினார். அவர்களுடைய தேவாலயங்கள் இடிக்கப்பட்டன. போதகர்கள் நாடு கடத்தப்பட்டனர். ஏனையோர் நாட்டை விட்டு வெளியேறவும் தடை விதிக்கப்பட்டது. தப்பிச் செல்லும்போது பிடிபட்ட ஆண்கள் துடுப்புக் கப்பல்களில் தண்டனைக் கைதிகளாக உழைக்க நேர்ந்தது. இத்தனைக்கும் இடையே ஏறத்தாழ இரண்டு இலட்சம் பேர் வெளியேறினர் என்பர். அவர்களில் பலர் கைத்தொழில் வல்லவர்கள். நெசவாளர், கடிகாரம் செய்வோர், பொற்கொல்லர் ஆகியோரை இழந்த பிரான்சு வருந்தியது. அவர்களைப் பெற்ற இங்கிலாந்தும் ஹாலந்தும் பயனடைந்தன.

கெர்ன்சி பிரெஞ்சுக் கரைக்கு அண்மையில் உள்ள சிறு தீவு. ஆனால் இங்கிலாந்து அரசுக்கு உட்பட்டது. அங்கே குடியேறியிருந்த சிமோன் ரிவ்வார் என்னும் உறவினர் சிறுவனுக்கு அடைக்கலம் அளித்தார். பின்னர் ஒரு தொழிலைக் கற்றுக்கொள்ளட்டும் என்று அவனை அட்லாண்டிக் பெருங்கடலுக்கு அப்பால், அமெரிக்காவின் பாஸ்டன் நகருக்கு அனுப்பினார். பயணச் செலவையும் அவரே ஏற்றார்.

பாஸ்டனில் சிறுவன் சேர்ந்த இடம் ஜான் கோனி என்பவரின் பட்டறை. கோனி அந்நகரின் தலைசிறந்த வெள்ளி வேலைக்காரர்களுள் ஒருவர். அக்காலத்தில் தொழில் கற்பது என்றால் ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்திட வேண்டும். குறித்த ஆண்டுகள் வரை மாணவன் ஆசானுக்கு உழைக்க வேண்டும். ஆசான் உணவும் உறைவிடமும் தந்து தொழில் நுணுக்கங்களைக் கற்பிக்க வேண்டும். கூலி கிடையாது. ஒப்பந்தக் காலம் முடியும் முன் விலகிச் செல்லவும் இயலாது.

அப்பட்டறையில் நிகழ்ந்த வேலை நம் ஊர்ப் பட்டறைகளைக் கண்டவர்களுக்குப் புதிதன்று. உலை, துருத்தி, குறடு, சுத்தியல், பட்டடை ஆகியவையே கருவிகள். வாடிக்கையாளர் வெள்ளி நாணயங்களையோ பழைய பாத்திரங்களையோ கொண்டுவந்து தருவர். அவற்றை உருக்கி வார்த்து, தகடாகத் தட்டி, அத்தகட்டைக் கிண்ணமாகவோ தேநீர்க் குடமாகவோ எழுப்புவர். தட்டத் தட்ட வெள்ளி இறுகிவிடும். இறுகியதை மீண்டும் நெருப்பில் காய்ச்சி இளக்க வேண்டும். இளக்கித் தட்டுவதும், தட்டி இளக்குவதுமாக ஒரு குடம் உருப்பெறப் பல நாள்கள் ஆகும். வங்கிகள் இல்லாத காலம் அது. நாணயப் பை களவு போனால் அது யாருடையது என்று சொல்ல முடியாது. பெயர்ப்பொறி வெட்டிய குடம் களவு போனால் அடையாளம் காட்டலாம். எனவே செல்வர்களுக்கு வெள்ளிப் பாத்திரமே சேமிப்பாகவும் இருந்தது. பட்டறைக்கு வேலை குறையாமல் இருந்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

1722இல் கோனி இறந்தார். இறந்தவரின் உடைமைகளை மதிப்பிட்டுப் பட்டியல் எடுப்பது அந்நாட்டு வழக்கம். கோனியின் பட்டியலில் கருவிகளோடும் தட்டுமுட்டுப் பொருள்களோடும் ஒரு விந்தையான இனமும் காணப்படுகிறது. "பால் ரிவ்வாரின் காலம், ஏறத்தாழ மூன்றரை ஆண்டுகள்" என்பது அதன் பொருள். மதிப்பு முப்பது பவுன். ஓர் இளைஞன் இன்னும் உழைக்க வேண்டிய ஆண்டுகள், சுத்தியலையும் நாற்காலியையும் போல விலை குறிக்கப்பட்டுள்ளன! படிக்கும்போது மனம் உறுத்துகிறது. ஆயினும் குடும்ப வரலாற்றைத் தேடுவோருக்கு அந்த ஒரு வரி பெருஞ்செல்வம். அவர் யாரிடம் தொழில் கற்றார் என்பதும், அப்போது எத்தனை ஆண்டுகள் எஞ்சியிருந்தன என்பதும் அதனால் உறுதியாகின்றன. மேலும் ஒன்று தெரிகிறது. அப்போலோ என்னும் பெயர் அதற்குள் 'பால்' ஆகிவிட்டது.

எஞ்சிய காலத்திற்கு நாற்பது பவுன் செலுத்தி அந்த இளைஞர் தம்மை மீட்டுக்கொண்டார். சில ஆண்டுகளில் தனிப் பட்டறையும் அமைந்தது. 1730ஆம் ஆண்டு மே மாதம் பாஸ்டன் செய்தித்தாளில் ஒரு விளம்பரம் வெளிவந்தது. பொற்கொல்லர் பால் ரெவியர் நகரின் வடபகுதிக்கு இடம் மாறிவிட்டார் என்பது அதன் செய்தி. கவனித்தீர்களா? இப்போது 'ரிவ்வார்' என்பதும் மறைந்து 'ரெவியர்' வந்துவிட்டது. பாஸ்டன் மக்களின் நாவுக்கு எளிதாக இருக்கட்டும் என்றே பெயரை மாற்றிக்கொண்டதாகக் குடும்பத்தில் வழங்கிய செய்தி கூறுகிறது. கடைக்காரரின் பெயரைச் சொல்லத் தெரியாதவர் கடைக்கு வரத் தயங்குவார் அல்லவா? நம் வகுப்பு வருகைப் பதிவேட்டிலும் ழகரம் உள்ள பெயர்கள் என்ன பாடுபடுகின்றன என்பதைக் கயல்விழியும் எழிலனும் நன்கறிவர். ரிவ்வார் செய்தது சரியா தவறா என்று நான் தீர்ப்புக் கூறப் போவதில்லை. பிழைப்புக்காக அவர் கொடுத்த விலைகளுள் அதுவும் ஒன்று என்று மட்டும் சொல்வேன்.

1729இல் அவர் டெபோரா ஹிச்போர்ன் என்னும் பாஸ்டன் பெண்ணை மணந்தார். வீட்டுமொழி ஆங்கிலமாயிற்று. நகரில் இருந்த பிரெஞ்சுத் தேவாலயமும் ஆள் குறைந்து 1748இல் மூடப்பட்டது. அக்குடும்பத்தில் 1734ஆம் ஆண்டின் இறுதியில் பிறந்த மகனுக்கும் பால் ரெவியர் என்றே பெயரிட்டனர். இதனால் அருங்காட்சியகத்தாருக்கு ஒரு சிக்கல் உண்டாயிற்று. பாத்திரத்தின் அடியில் செய்தவர் தம் முத்திரையைக் குத்துவது வழக்கம். தந்தைக்கும் மகனுக்கும் ஒரே பெயர், ஒரே பட்டறை. முத்திரையின் எழுத்து வடிவம், அதனைச் சூழ்ந்த கட்டம், பெயரின் முதலெழுத்து இருக்கிறதா இல்லையா என்பன போன்ற நுண்ணிய வேறுபாடுகளைக் கொண்டே இது தந்தையின் கைவேலை, இது மகனுடையது என்று பிரித்தறிகின்றனர்.

1754இல் தந்தை இறந்தபோது மகனுக்கு வயது பத்தொன்பது. சட்டப்படி வயது வந்தவராகக்கூட ஆகவில்லை. ஆயினும் கற்ற தொழில் கைகொடுத்தது. 1761 முதல் 1797 வரை அவர் பட்டறையின் வரவுசெலவுகளைக் குறித்த இரண்டு கணக்கேடுகள் இன்றும் காக்கப்படுகின்றன. கரண்டிகள், தேநீர்க் குடங்கள், காலணிக் கொக்கிகள், பொத்தான்கள் என ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட பொருள்கள் அவற்றில் இடம்பெற்றுள்ளன. வளர்ப்பு அணிலுக்கு ஒரு வெள்ளிச் சங்கிலி செய்த கணக்கும் அவற்றுள் உண்டு!

வெள்ளி வேலை மந்தமானபோது அவர் செப்புத் தகட்டில் படம் செதுக்கி அச்சிட்டார். ஒருவரிடம் பல் கட்டும் முறையையும் கற்றுக்கொண்டார். பல் கட்டுவதற்கும் பொற்கொல்லருக்கும் என்ன தொடர்பு என வியக்க வேண்டா. தந்தத்தில் செதுக்கிய செயற்கைப் பல்லை மெல்லிய உலோகக் கம்பியால் பக்கத்துப் பற்களோடு பிணைக்க வேண்டும். அதற்கு நகைவேலை செய்த கையே ஏற்ற கை. 1775ஆம் ஆண்டு ஜூன் மாதம் பங்கர் குன்றுப் போரில் மருத்துவர் ஜோசப் வாரன் உயிர்துறந்தார். பல மாதங்களுக்குப் பின் புதைகுழியைத் தோண்டியபோது உடலை அடையாளம் காண இயலவில்லை. தாம் கட்டிய பல்லையும் அதன் கம்பியையும் கண்டு, 'இவரே வாரன்' என உறுதி செய்தவர் அவருடைய நண்பர் பால் ரெவியர்.

1775 ஏப்ரல் 18ஆம் நாள் இரவு, ஆங்கிலப் படை வருவதை அறிவிக்க அவர் குதிரையில் விரைந்த நிகழ்ச்சியை அமெரிக்கக் குழந்தைகள் அனைவரும் அறிவர். அதனை இங்கு விரிக்கவில்லை. ஓரிரவுப் பயணத்தைக் காட்டிலும் அறுபது ஆண்டுக்கால உழைப்பே நம் பாடத்திற்கு வேண்டுவது.

போர் நடந்துகொண்டிருந்த ஆண்டுகளில், எதிர்பாராத திசையிலிருந்து அவருக்குக் கடிதங்கள் வந்தன. கெர்ன்சியில் இருந்த ஜான் ரிவ்வாரும், சேந்த் ஃபுவாவில் இருந்த மத்தியாஸ் ரிவ்வாரும் தங்கள் உறவை அறிவித்து எழுதினர். அப்போலோ புறப்பட்டு அறுபத்தைந்து ஆண்டுகள் கடந்துவிட்டன. அவரை வழியனுப்பிய தலைமுறை மறைந்துவிட்டது. இருப்பினும் கடல் கடந்து சென்ற கிளையை அவர்கள் மறக்கவில்லை. பாஸ்டன் பால் ரெவியர் மகிழ்ச்சியுடன் மறுமொழி எழுதினார். தம் வயது, மனைவி, மக்கள், போரில் தம் பங்கு ஆகியவற்றைச் சொன்னார். மூத்த மகன் தம் தொழிலையே கற்றுள்ளான் என்றார். தொழிலாளி என்ற அளவில் தாம் நல்ல நிலையில் இருப்பதாகவும் அடக்கத்துடன் குறிப்பிட்டார்.

ஆனால் ஒரு வேண்டுகோளும் விடுத்தார். இனி ஆங்கிலத்தில் எழுதுமாறு மத்தியாசைக் கேட்டுக்கொண்டார். சரியான பொருள் விளங்கும்படி பிரெஞ்சு மொழியைப் படிக்கவோ எழுதவோ தமக்கு இயலாது என்றார். அவர் தந்தை பிறந்த நாள்முதல் கேட்டுப் பேசிய மொழி அது! ஒரே தலைமுறையில் மொழி கைநழுவியது. அதே தந்தையிடம் கற்ற சுத்தியல் வேலையோ கைநழுவவில்லை. அத்தொழிலைக் கற்பிக்கத் தந்தை நாள்தோறும் நேரம் ஒதுக்கினார். மொழிக்கு அவ்வாறு ஒதுக்கவில்லை போலும்.

போருக்குப் பின் ரெவியர் வார்ப்படத் தொழிலில் இறங்கினார். 1792இல் தம் குடும்பம் சார்ந்திருந்த தேவாலயத்தின் மணி விரிசல் கண்டபோது, அதனை உருக்கிப் புதிய மணி வார்த்தார். அதற்குமுன் அவர் மணி வார்த்ததில்லை. அதன் ஓசை அவ்வளவு இனிமையாக இல்லை என்று கேட்டவர்கள் குறை கூறினர். அடுத்தடுத்த மணிகளில் கை தேறியது. அவரும் அவர் மக்களும் வார்த்த மணிகள் நூற்றுக்கணக்கில் அடங்கும்.

அடுத்தது செம்பு. மரக்கப்பல்களின் அடிப்பாகத்தைக் கடற்புழுக்கள் துளைத்துவிடும். அதனைத் தடுக்கச் செப்புத் தகடு போர்த்துவர். அத்தகடுகளை அமெரிக்கர் இங்கிலாந்திலிருந்தே வாங்க வேண்டியிருந்தது. செய்யும் முறையை ஆங்கிலேயர் மறைத்து வைத்திருந்தனர். ரெவியர் தாமே பலமுறை முயன்று, செம்பை இளக்கி நீட்டும் வழியைக் கண்டறிந்தார். 1801இல், அறுபத்தாறு வயதில், பாஸ்டனுக்குத் தெற்கே கேன்டன் என்னும் ஊரில், ஆற்றுநீர் விசையால் இயங்கும் உருளை ஆலையை நிறுவினார். அரசு அவருக்குப் பத்தாயிரம் டாலர் கடன் அளித்தது. 1802இல் மாசசூசெட்ஸ் அரசுமாளிகையின் ஒழுகும் மரக் கவிகை அவருடைய செப்புத் தகட்டால் மூடப்பட்டது. மறு ஆண்டு 'கான்ஸ்டிடியூஷன்' என்னும் போர்க்கப்பலின் அடிப்பாகமும் அவ்வாறே மூடப்பட்டது.

1818இல் பால் ரெவியர் மறைந்தார். அவர் மகன் ஜோசப் வாரன் ரெவியர் ஆலையைத் தொடர்ந்து நடத்தினார். நண்பரின் பெயரை மகனுக்குச் சூட்டியிருந்தது இதனால் உங்களுக்குத் தெரியவருகிறது. நிறுவனம் பிற நிறுவனங்களோடு இணைந்து வளர்ந்தது. 1939 முதல் அடியில் செம்பு பூசிய துருப்பிடிக்காத எஃகுப் பாத்திரங்களை விற்றபோது, அமெரிக்கச் சமையலறைகள் பலவற்றில் அக்குடும்பப் பெயர் இடம்பெற்றது. நியூயார்க் மாநிலத்தின் ரோம் நகரில் ரெவியர் என்னும் பெயரில் இன்றும் செம்பு உருட்டப்படுகிறது. சேந்த் ஃபுவாவில் இசாக் எழுதிவைத்த பெயர் மட்டும் அந்தத் தகடுகள் எதிலும் இல்லை.