சப்போசிட்டரியை ஏன் பாதியா வெட்டக் கூடாது?

குழந்தைக்குக் காய்ச்சல், வாயில கொடுக்கிறதெல்லாம் வாந்தி. டாக்டர் பாராசிட்டமால் சப்போசிட்டரி, அதாவது ஆசனவாய்ல வைக்கிற மருந்து, எழுதிக் கொடுக்கிறார். சித்திரை வெயில்ல புதுக்கோட்டையில வாங்கி, வண்டிப் பெட்டியில போட்டு அரிமளம் வர்றதுக்குள்ள அது உருகிடலாம்.

காரணம், அதைச் செய்யறதே உருகத்தான். உடம்புச் சூடு 37 டிகிரி. பழைய காலத்துல பயன்படுத்தின கோகோ வெண்ணெய் 34-36 டிகிரியில உருகும். இப்போ பெரும்பாலும் வேற கெட்டிக் கொழுப்புகள். அதுவும் உடம்புச் சூட்டுலயே இளகும்.

உருகினா மட்டும் போதாது. மருந்து கொழுப்பை விட்டு வெளியே வந்து, அங்க இருக்கிற சில மில்லி ஈரத்துல கரைஞ்சாதான் ரத்தத்துக்குப் போகும். கொழுப்புல நல்லா கரையுற மருந்து கொழுப்புலயே தங்கிடும். அதனால ஆய்வகத்துல 37 டிகிரி திரவத்துல போட்டு, எவ்வளவு நேரத்துல எவ்வளவு வெளியாகுதுன்னு அளப்பாங்க. அப்புறம் தன்னார்வலர்களுக்குக் கொடுத்து, குறிப்பிட்ட நேரங்கள்ல ரத்தம் எடுத்து மருந்தின் அளவைப் பார்ப்பாங்க.

இப்போ முக்கியமான விஷயம். பாராசிட்டமால் அந்தக் கொழுப்புல பெரும்பாலும் கரையாம, துகளாத்தான் கலந்திருக்கும். உருகினா துகள் அடியில படியும். ஃப்ரிட்ஜ்ல வச்சா மறுபடியும் கெட்டியாகி, பார்க்க சரியாவே இருக்கும். ஆனா மருந்து ஒரு முனையில சேர்ந்திருக்கும். அதைப் பாதியா வெட்டினா ஒரு பாதியில மருந்து குறைவு, இன்னொண்ணுல அதிகம். குழந்தையின் கல்லீரலுக்கு இது விளையாட்டு இல்ல.

அதனால வெட்டாதீங்க. குழந்தையின் எடைக்கு டாக்டர் சொன்ன அளவுலயே கேட்டு வாங்குங்க. வெயில்ல எடுத்துட்டு வர்றப்போ குளிர்ச்சியான பையில வைங்க. உருகிட்டா, மருந்துக் கடையில காட்டிக் கேட்ட பிறகு முடிவு பண்ணுங்க.