ஆடுகளம் எல்லோருக்கும் – 7: ஒப்புக்குச் சப்பாணி

தெருவில் பிள்ளைகள் ஆடும்போது ஒரு பேச்சு அடிபடும்: ‘இவன் ஒப்புக்குச் சப்பாணி.’ அண்ணனோடு ஒட்டிக்கொண்டு வந்த தம்பி, வேகமாக ஓட முடியாத பிள்ளை, ஆள் பிரித்ததில் மிஞ்சிப்போன பிள்ளை என்று இவர்களையும் ஆட்டத்தில் சேர்த்துக்கொள்வார்கள். ஆனால் அவன் அவுட் ஆனாலும் அவுட் இல்லை. அவன் ஓடி எடுத்த ரன்னும் ரன் இல்லை. வீட்டுக்குப் போய் அம்மாவிடம் அழக் கூடாது, அதற்காகச் செய்த ஏற்பாடு அது. கால் முடியாதவரைக் குறிக்கும் ஒரு வசவு அந்தச் சொல்லுக்குள்ளேயே உட்கார்ந்திருப்பதை நாம் கவனிப்பதுகூட இல்லை. ஆட்டத்தில் சேர்ப்பது ஒன்று, கணக்கில் சேர்ப்பது இன்னொன்று. எல்லாப் பிள்ளைகளுக்கும் விளையாட்டு என்று நடத்தப்படும் ஏற்பாடுகளில் பெரும்பாலானவை முதலாவதோடு நின்றுவிடுகின்றன.

சென்ற வாரம் அமெரிக்காவில் பெரும்பணம் கட்டி ஆடும் கிளப் கால்பந்தைப் பார்த்தோம். அதற்கு எதிர்க்கரையில் நிற்பது அமெரிக்கன் யூத் சாக்கர் ஆர்கனைசேஷன், சுருக்கமாக ஏ.ஒய்.எஸ்.ஓ. 1964-ல் கலிபோர்னியாவின் டாரன்ஸ் நகரில் ஒன்பது அணிகளோடு தொடங்கியது. பதிவுக் கட்டணம் உண்டு, தேர்வு கிடையாது. பெயர் கொடுத்த பிள்ளைக்கு அணி உண்டு. மைதானத்தில் கோடு போடுவது, பயிற்சி கொடுப்பது, விசில் ஊதுவது எல்லாம் பெரும்பாலும் பிள்ளைகளின் அப்பா அம்மாக்கள் சம்பளமில்லாமல் செய்கிற வேலைகள். அதன் முதல் கொள்கை ‘எல்லோரும் ஆடுவார்கள்’ என்பது. சுவரில் மாட்டி வைக்கும் வாசகம் மாதிரித்தான் இருக்கிறது. ஆனால் அதற்கு ஓர் அளவும் வைத்திருக்கிறார்கள்: அணியில் உள்ள ஒவ்வொரு பிள்ளையும் ஒவ்வொரு ஆட்டத்திலும் குறைந்தது பாதி நேரம் களத்தில் இருக்க வேண்டும். இந்த அளவுதான் அந்த அமைப்பின் உயிர்நாடி என்பது என் கட்சி. தன்னார்வலர்கள் நடத்தும் விளையாட்டுக்கு நல்ல மனசு போதாது. அந்த நல்ல மனசு தடுமாறும் நேரத்திலும் தானாக ஓடுகிற விதி ஒன்று வேண்டும்.

அந்தப் பாதியை அளக்கும் விதத்தைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்ப்போம். ஆட்டத்துக்கு இரண்டு பாதிகள். ஒவ்வொரு பாதியின் நடுவிலும், பந்து வெளியே போகிற நேரம் பார்த்து, ஆள் மாற்றுவதற்காக நடுவர் ஆட்டத்தை நிறுத்துவார். இப்படி ஆட்டம் நான்கு கால்களாகப் பிரிகிறது (கால்பந்துக்குக் கால் கணக்கு பொருத்தம்தான்). தொடங்கும் முன்பே எல்லாப் பிள்ளைகளின் பெயரையும் ஜெர்சி எண்ணையும் ஓர் அட்டையில் எழுதிக் கோச் கொடுத்துவிட வேண்டும். எந்தக் காலில் யார் வெளியே உட்கார்ந்தார்கள் என்று அதில் குறி விழும். ஏழு பேர் ஆடும் ஆட்டத்துக்குப் பத்துப் பேர் அணியில் இருந்தால் நான்கு காலுக்கும் சேர்த்து 28 இடங்கள். ஆளுக்கு இரண்டு கொடுத்தால் 20 போகும், மிச்சம் 8. கணக்குத் தெரிந்த கோச் அந்த எட்டையும் தன் கெட்டிக்கார நால்வருக்கே கொடுத்துவிடலாம். நால்வர் முழு ஆட்டம், ஆறு பேர் பாதி ஆட்டம், விதியும் மீறப்படவில்லை. அதனால் பல ஊர்க் கிளைகளில் இன்னொரு முடிச்சும் போட்டிருக்கிறார்கள்: எல்லோரும் மூன்று கால் ஆடி முடிக்காமல் எவரும் நான்காவது கால் ஆடக் கூடாது. இப்போது அதே பத்துப் பேரில் எட்டுப் பேருக்கு மூன்று கால், இரண்டு பேருக்கு இரண்டு கால். அடுத்த வாரம் அந்த இருவர் வேறு இருவராக இருக்க வேண்டும் என்று பார்த்துக்கொண்டால் போதும்.

சம்பளமில்லாமல் சனிக்கிழமைக் காலையைக் கொடுக்கிறவர் மேல் இவ்வளவு சந்தேகம் எதற்கு என்று கேட்கலாம். அவர் இருக்கும் இடத்தை யோசித்துப் பாருங்கள். அவருடைய மகளும் அதே அணியில்தான் இருப்பாள். ஆட்டம் சமநிலையில் நிற்கிறது, இன்னும் பத்து நிமிடம். பெஞ்சில் ஒரு பையன். பந்து வந்தால் எந்தப் பக்கம் உதைப்பது என்று குழம்புகிறவன். கோட்டுக்கு வெளியே பத்துப் பெற்றோர் நின்று கத்துகிறார்கள். அந்த நேரத்தில் அவனை எழுப்பி உள்ளே அனுப்புவதற்குத் துறவி மனசு வேண்டும். அப்படியே ஒருவர் அனுப்பினாலும் எதிரணிக் கோச் அனுப்பாவிட்டால், நல்லவருடைய அணி தோற்கும். இரண்டு மூன்று தடவை இப்படித் தோற்றபின், ஏன் அவனை இறக்கினீர்கள் என்று தன் அணியின் பெற்றோரே கேட்பார்கள். அதோடு அந்தப் பெருந்தன்மைக்கு ஆயுள் முடிந்தது. விதி இரண்டு பக்கத்தையும் ஒரே கயிற்றில் கட்டிவிடுகிறது. இங்கே பெஞ்சில் இருப்பவன் இறங்கும்போது அங்கேயும் ஒருவன் இறங்குகிறான். கோச்சும் யாருக்கும் பதில் சொல்ல வேண்டியதில்லை. விதி அப்படி என்று கையை விரித்துவிடலாம். பார்த்தால் கோச்சைக் கட்டிப்போடுகிற விதி மாதிரித் தெரியும். நடைமுறையில் அவரைக் காப்பாற்றுவதே அதுதான்.

அணி ஏறுக்கு மாறாக இருந்தால் பாதி நேரம் கொடுத்தும் பயனில்லை. பத்துக்குப் பூஜ்யம் என்று தோற்கும் அணியில் முழு நேரம் நின்றாலும் பிள்ளைக்கு அலுப்புத்தான் மிஞ்சும். ஆகவே ஒவ்வொரு பருவத்துக்கும் அணிகளைக் கலைத்து, பிள்ளைகளின் திறனுக்குக் கோச்சுகள் போட்ட மதிப்பெண்ணை வைத்துச் சமமாகப் பிரிக்கிறார்கள். நம் ஊரில் கிளித்தட்டுக்கும் கபடிக்கும் உத்தி பிரிப்பது இதே தத்துவம்தான். சம பலமுள்ள இருவர் ஜோடி சேர்ந்து, ரகசியப் பெயர் வைத்துக்கொண்டு, தலைவர்களிடம் வந்து ‘எது வேண்டும்’ என்று கேட்பார்கள். யார் எந்தப் பெயர் என்று தெரியாமல் தலைவர் தேர்ந்தெடுப்பதால் எந்தப் பக்கம் யார் போனாலும் தராசு சாயாது. பெரியவர்களின் மதிப்பெண் முறையைவிட இது நேர்த்தியானது என்றே சொல்வேன். நல்ல ஆட்டக்காரனுக்கு வேண்டுமென்றே குறைந்த மதிப்பெண் போட்டுவிட்டு அவனையே திரும்பத் தன் அணிக்கு இழுத்துக்கொள்ளும் சாமர்த்தியம் உத்தியில் செல்லாது.

ஆனால் உத்தியில் ஓர் ஓட்டை உண்டு. ஜோடி கிடைக்காத பிள்ளை என்ன செய்யும்? ஒப்புக்குச் சப்பாணி பிறப்பது அங்கேதான். ஏ.ஒய்.எஸ்.ஓ.வும் பல ஆண்டுகள் இந்த இடத்தில்தான் நின்றது. உடலாலோ அறிவு வளர்ச்சியாலோ மற்றவர்களோடு ஈடுகொடுக்க முடியாத பிள்ளைகளுக்கென்று 1991-ல் ‘வி.ஐ.பி.’ என்ற பிரிவு வந்தது. இப்போது அதன் பெயர் ‘எபிக்’. அங்கே ஒவ்வொரு பிள்ளைக்கும் தேவையான அளவுக்கு ஒரு துணை, ‘பட்டி’ என்பார்கள், களத்துக்குள்ளேயே கூட வரும். பெரும்பாலும் அந்த ஊர்ப் பதின்வயதுப் பிள்ளைகள். சக்கர நாற்காலியைக் கோல் பக்கம் திருப்பிக் கொடுப்பது, இரைச்சலில் மிரண்ட பிள்ளையைக் கோட்டோரம் கொஞ்சம் நடத்திக் கூட்டி வருவது அவர்கள் வேலை. பந்தை அவர்கள் உதைக்கலாகாது. உதைத்தால் ஆடியது அந்தப் பிள்ளை இல்லை. இதற்கு வரும் ஆட்சேபம் கனமானது: தனிப் பிரிவு என்பதே ஒதுக்குவதுதானே? எனக்கு இதில் பாதி சம்மதம். தனிப் பிரிவு இருப்பது தெரிந்ததும், கொஞ்சம் மெதுவான பிள்ளையைப் பார்த்து ‘அங்கே இவனுக்கு வசதியாக இருக்கும்’ என்று கனிவாகத் தள்ளிவிட ஒரு வழி பிறந்துவிடுகிறது. ஆனால் தனிப் பிரிவை மூடிவிட்டால், இருபது பேர் ஓடும் களத்தில் நிற்கவே முடியாத பிள்ளை வீட்டில்தான் இருக்கும். எந்தப் பக்கம் போவதென்று பிள்ளையும் பெற்றோரும் முடிவு செய்யட்டும், கோச் முடிவு செய்யக் கூடாது. பொதுப் பிரிவைத் தேர்ந்தெடுத்த பிள்ளைக்கு அங்கே அதே பாதி ஆட்டம் காத்திருக்கிறது என்பதால்தான் அந்தத் தேர்வுக்கு அர்த்தம்.

அடுத்தது எல்லோரும் சொல்வது: சமமாகப் பங்கு போட்டால் திறமை மழுங்கும். அலெக்ஸ் மோர்கன் 14 வயதுவரை ஏ.ஒய்.எஸ்.ஓ.வில் ஆடிவிட்டுத்தான் போட்டிக் கிளப்புக்குப் போனார். பின்னர் உலகக் கோப்பை வென்றார். ஒரு நட்சத்திரத்தைக் காட்டி எதையும் நிரூபித்துவிட முடியாது, அது எனக்கும் தெரியும். ஆகவே வேறு சான்றுக்குப் போகலாம். 1985-ல் ரோஜர் பார்ன்ஸ்லியும் சகாக்களும் கனடாவின் ஐஸ் ஹாக்கி வீரர்களின் பிறந்த மாதங்களை எண்ணிப் பார்த்தார்கள். ஆண்டின் முதல் மாதங்களில் பிறந்தவர்கள் அளவுக்கு மீறி இருந்தார்கள். காரணம் எளிது. ஜனவரி 1-ஐ வைத்து வயது பிரித்தால், ஜனவரியில் பிறந்தவனும் டிசம்பரில் பிறந்தவனும் ஒரே வகுப்பு. எட்டு வயதில் பதினொரு மாத வித்தியாசம் சாதாரணமில்லை. பெரியவனைக் ‘கெட்டிக்காரன்’ என்று எடுக்கிறார்கள். அவனுக்கு அதிக ஆட்டம், நல்ல கோச். பிறகு அவன் நிஜமாகவே கெட்டிக்காரனாகிறான். ஆக எட்டு வயதில் பெஞ்சில் உட்கார வைப்பவர் திறமையைத் தரம் பிரிப்பதாக நினைத்துக்கொண்டு பல சமயம் பிறந்த தேதியைத்தான் தரம் பிரிக்கிறார். நார்வே இன்னும் ஒரு படி மேலே போனது. அங்கே 1987 முதல் குழந்தைகள் விளையாட்டுக்குத் தனி விதிகள் உண்டு. இன்றைய விதிப்படி 11 வயதுக்கு முன் தரவரிசைப் பட்டியல் கிடையாது. 13-க்கு முன் தேசியப் போட்டி கிடையாது. அப்போது சுமார் 53 லட்சம் பேர் வாழ்ந்த அந்த நாடு 2018 குளிர்கால ஒலிம்பிக்கில் 39 பதக்கங்களோடு முதலிடம் பிடித்தது. பனியும் பணமும் நிறைய உள்ள நாடு, எல்லாப் பெருமையையும் விதிக்குக் கொடுத்துவிட முடியாதுதான். ஆனால் சின்ன வயதில் தரம் பிரிக்காவிட்டால் வெற்றி வராது என்ற வாதம் அங்கே அடிபட்டுப்போகிறது.

நான் தடுமாறும் இடம் வேறு. நன்றாக ஆடும் பிள்ளைகளின் பெற்றோர் கிளப் பக்கம் போய்விடுவார்கள் என்ற பயத்தில் ஏ.ஒய்.எஸ்.ஓ.வே ‘யுனைடெட்’ என்ற பெயரில் தேர்வு வைக்கும் கிளப் பிரிவை நடத்துகிறது. ஒரே குடைக்கீழ் இரண்டு நியாயம். அதைவிடப் பெரிய சிக்கல் தன்னார்வம் என்பதிலேயே இருக்கிறது. சனிக்கிழமை ஓய்வாக இருக்கும் அப்பாக்கள் உள்ள பேட்டையில் கோச் கிடைப்பார், நடுவர் கிடைப்பார், கிளை நடக்கும். சனிக்கிழமையும் கடை திறக்கிற, இரண்டு ஷிப்ட் பார்க்கிற பெற்றோர் உள்ள பேட்டையில் கிளையைத் தொடங்கவே ஆள் இருக்காது. பெஞ்சில் உட்கார்ந்த பிள்ளைக்கு அட்டையில் ஒரு குறியாவது விழுகிறது. இந்தப் பேட்டைப் பிள்ளைகளின் பெயர் அட்டையிலேயே ஏறுவதில்லை. அந்த இடங்களில் கோச்சுக்குச் சம்பளம் கொடுத்தால் யார் பணத்தில் கொடுப்பது, நகராட்சியா, பள்ளியா என்ற கணக்கை அடுத்த வாரம் போட்டுப் பார்க்கலாம்.

(தொடரும்)