நர்ஸம்மா என்ன படித்திருக்கிறார்?

பிளஸ் டூ முடிவு வந்துவிட்டால் தூத்துக்குடி முதல் காயல்பட்டினம் வரை பல வீடுகளில் பெண்பிள்ளையை நர்ஸிங் சேர்க்கலாமா என்ற பேச்சு எழும். எந்த நர்ஸிங் என்று கேட்டால் பெற்றோரில் பலருக்குப் பதில் தெரிவதில்லை. வெள்ளை உடுப்பு போட்ட எல்லோரும் நமக்கு "நர்ஸம்மா"தான்.

ஏ.என்.எம். என்பது இரண்டு ஆண்டுப் படிப்பு. கிராமத்தில் தடுப்பூசி போட்டு, கர்ப்பிணிகளைக் கவனிக்கும் சுகாதாரச் செவிலியர் இதைப் படித்தவர். ஜி.என்.எம். மூன்று ஆண்டு டிப்ளமோ, பி.எஸ்ஸி. நர்ஸிங் நான்கு ஆண்டு. ஆஸ்பத்திரி வார்டுகளில் நாம் பார்ப்பவர்கள் பெரும்பாலும் இந்த இரு வகையினரே. பி.எஸ்ஸி.க்குப் பின் இரண்டு ஆண்டு எம்.எஸ்ஸி. உண்டு.

இதற்கு மேலும் ஒரு படி இருக்கிறது. அமெரிக்காவில் 1965-ல் லொரெட்டா ஃபோர்டு என்ற செவிலியரும் ஹென்றி சில்வர் என்ற குழந்தை மருத்துவரும் கொலராடோ பல்கலைக்கழகத்தில் 'நர்ஸ் பிராக்டிஷனர்' பயிற்சியைத் தொடங்கினார்கள். நோயாளியைப் பரிசோதித்து, நோயைக் கணித்து, மருந்தும் எழுதும் செவிலியர் அங்கே இன்று சாதாரணம். மயக்க மருந்து கொடுப்பதற்கும் பிரசவம் பார்ப்பதற்கும் தனித்தனியே உயர்படிப்பு முடித்த செவிலியர்கள் அங்கே உண்டு.

நம் நாட்டிலும் இந்தியன் நர்ஸிங் கவுன்சில் இரண்டு வழிகளைத் திறந்திருக்கிறது. முதலாவது, தீவிர சிகிச்சைக்கான நர்ஸ் பிராக்டிஷனர். பி.எஸ்ஸி. முடித்து, பதிவு பெற்று, ஓராண்டாவது பணி செய்தவர்கள் ஐ.சி.யூ.விலேயே இருந்து கற்கும் இரண்டு ஆண்டு முதுநிலைப் படிப்பு இது. இதை முடித்தவர் தன்னிச்சையாக இயங்கும் டாக்டர் அல்லர். டாக்டர்களோடு சேர்ந்து, மருத்துவமனையின் நெறிமுறைக்கு உட்பட்டுச் செயல்படுபவர்.

இரண்டாவது நம் பெண்மக்களுக்கு மிக நெருக்கமானது. மத்திய அரசு 2018-ல் மகப்பேறு செவிலியர் சேவைக்கான வழிகாட்டுதலை வெளியிட்டது. அதன்படி, பிரசவ அறை அனுபவமுள்ள ஜி.என்.எம்., பி.எஸ்ஸி. செவிலியர்களுக்கு 18 மாதப் பயிற்சி தரப்படுகிறது. சிக்கலில்லாத கர்ப்பத்தை ஆரம்பம் முதல் பிரசவம் வரையும், பிள்ளை பிறந்த பின்னும் அவரே கவனிப்பார். ஆபத்தின் அறிகுறி தெரிந்தால் உடனே டாக்டரிடம் ஒப்படைப்பார்.

இதன் தேவை என்ன? 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 100 பிரசவங்களில் ஏறத்தாழ 45 சிசேரியன். நாட்டின் சராசரியோ 21.5 மட்டுமே. தேவைப்படும்போது சிசேரியன் உயிரைக் காக்கும் நிஃமத், அதைக் குறை சொல்ல வரவில்லை. ஆனால் வலியெடுத்து நிற்கும் பெண்ணின் பக்கத்திலேயே பல மணி நேரம் பொறுமையாக இருக்க, பயிற்சி பெற்ற ஒரு பெண் வேண்டும். பிரசவத்தைப் பெண்தான் பார்க்க வேண்டும் என்று விரும்பும் நம் குடும்பங்கள், அதற்குத் தகுதியான பெண்களை உருவாக்குவதில் அந்த அளவு அக்கறை காட்டக் காணோம்.

இது நமக்குப் புதிய வேலையும் அன்று. அகழ்ப்போரில் காயமுற்ற ஸஅத் இப்னு முஆத் (ரழி) அவர்கள் ருஃபைதா (ரழி) அவர்களின் கூடாரத்தில் வைத்துப் பராமரிக்கப்பட்ட செய்தி வரலாற்றில் பதிவாகியுள்ளது. "நர்ஸ் வேலைக்கா அனுப்புகிறாய்?" என்று முகம் சுளிப்போர் இதைக் கொஞ்சம் நினைத்துப் பார்க்கட்டும்.

எச்சரிக்கை ஒன்றும் உண்டு. ஆறு மாதம், ஓராண்டு என்று "நர்ஸிங் அசிஸ்டெண்ட்" சான்றிதழ் தரும் இடங்கள் ஏராளம். அந்தப் படிப்பில் உதவியாளர் வேலை கிடைக்கலாம், அதுவும் ஹலாலான உழைப்புதான். ஆனால் அதை வைத்து நர்ஸாகப் பதிவு செய்ய முடியாது. பதிவு இல்லையென்றால் அரசுப் பணியும் இல்லை, மேலே சொன்ன உயர்படிப்பும் இல்லை. வளைகுடாவுக்குப் போக நினைத்தாலும், சான்றிதழைக் கல்லூரியிடமே நேரடியாகச் சரிபார்க்கும் 'டேட்டாஃப்ளோ' கட்டத்திலேயே நின்றுவிடும். நகையை அடகு வைத்துக் கட்டிய ஃபீஸ் திரும்பி வராது.

ஆகவே பணம் கட்டுமுன், அந்தக் கல்லூரியும் அந்தக் குறிப்பிட்ட படிப்பும் இந்தியன் நர்ஸிங் கவுன்சில், தமிழ்நாடு நர்ஸஸ் அண்டு மிட்வைவ்ஸ் கவுன்சில் ஆகியவற்றின் பட்டியலில் இருக்கின்றனவா என்று பாருங்கள். கல்லூரியின் பெயர் இருந்தால் மட்டும் போதாது. ஏ.என்.எம்.முக்கு அனுமதி பெற்ற இடத்தில் பி.எஸ்ஸி.க்கு அனுமதி இல்லாமலிருக்கலாம். "அனுமதி சீக்கிரம் வந்துவிடும்" என்று சொல்பவரிடம், வந்த பிறகு சேர்கிறோம் என்று சொல்லிவிட்டு வாருங்கள்.