ஏட்டுப் புலியும் காட்டுப் புலியும்

விலங்கியல் பயின்றவருக்கு ஆசிரியப் பணி ஒன்றே வழி என்று எண்ணுவோர் நம்மிடையே பலர். வனத்துறையில் கள உயிரியலாளர் என்றொரு பணி உண்டு என்பதை அவர்கள் அறிந்திலர். அப்பணி யாது?

தமிழகத்தில் ஐந்து புலிகள் காப்பகங்கள் உள்ளன. அவற்றுள் முதலாவதான களக்காடு–முண்டந்துறை 1988இல் அமைந்தது. இத்தகைய காப்பகங்களில் புலிகளையும் அவற்றின் இரை விலங்குகளையும் கணக்கிடுவது கள உயிரியலாளரின் முக்கியப் பணியாகும். காட்டை 2 சதுர கிலோமீட்டர் கட்டங்களாகப் பிரித்து, புலி நடமாடும் தடத்தின் இருபுறமும் தானியங்கிக் கேமராக்களைப் பொருத்துவர். இருபுறமும் ஏன்? நம் கைரேகையைப் போலவே புலியின் வரிகளும் ஒன்றுக்கொன்று வேறுபடும். ஒரே புலியின் இடப்பக்க வரிகளும் வலப்பக்க வரிகளும்கூட ஒன்றாயிரா. ஒரு பக்கத்தை மட்டும் படமெடுத்தால், ஒரு புலியை இரண்டாக எண்ணிவிட நேரும்.

இத்துணைக் கவனம் எதற்கு? இராஜஸ்தான் மாநிலத்துச் சரிஸ்கா காப்பகம் விடை கூறும். காலடித் தடங்களைக் கொண்டு எடுத்த கணக்கில் அங்கே புலிகள் இருந்தன. ஆனால் காட்டில் ஒன்றுகூட எஞ்சவில்லை என்பது 2005இல் உறுதியாயிற்று. திருட்டு வேட்டை அவற்றைத் தீர்த்துவிட்டிருந்தது. 2008இல் ரந்தம்பூரிலிருந்து புலிகளைக் கொண்டுவந்து விட வேண்டியதாயிற்று. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது. ஏட்டுப் புலி காட்டுக்கும் உதவாது.

ஆகவே, புலி தென்படாத நாளில் ‘தென்படவில்லை’ என்றே எழுதுவது இப்பணியின் தலையாய அறம். நண்பர்களே, செய்முறைக் குறிப்பேட்டில் வராத விடையை வந்ததாக எழுதும் நம் பழக்கத்தையும் இங்கே சற்று எண்ணிப் பார்ப்போமாக!