களவைக் காட்டிக்கொடுக்கும் குறி

திரைப்படத்தை எத்தனை ரகசியச் சங்கேதங்களால் பூட்டி அனுப்பினாலும், ஜனங்கள் காணும்பொருட்டு அதை ஒளியாகவும் ஒலியாகவும் திறந்துவிட்டே ஆகவேண்டும்; திறந்துவிட்ட அக்கணமே, இருளில் ஒருவன் உயர்த்திப் பிடித்த சிறு கேமராவின் முன்னால் அத்தனை பூட்டுகளும் வியர்த்தமாகிவிடுகின்றன. தடுக்கவியலாத அக்களவு எவ்விடத்தில் நடந்தது என்பதையாவது அறியலாமே என்ற யோசனையின் விளைவுதான் டிஜிட்டல் வாட்டர்மார்க் எனப்படும் மறைகுறி.

இதன் பூர்வரூபம் படச்சுருள் காலத்திலேயே உண்டு. 1982-இல் கோடாக் நிறுவனம் வகுத்த முறையில், பிரதிக்குப் பிரதி வேறுபடும் புள்ளிகளைச் சில ஃபிரேம்களில் பதித்து, திருட்டுப் படத்தின் பிறப்பிடத்தைத் தேடினார்கள். ஹாலிவுட்டின் பெரிய ஸ்டூடியோக்கள் 2002-இல் கூடி அமைத்த ‘டிஜிட்டல் சினிமா இனிஷியேட்டிவ்ஸ்’ 2005-இல் வெளியிட்ட விதிகளோ, படம் ஓடும் சமயத்தில் அந்தந்தத் தியேட்டரின் சாதனமே காட்சியிலும் ஒலியிலும் குறியை இடவேண்டும் என்று பணித்தன. 35 பிட்டுகள் கொண்ட அக்குறியில், வருஷம் முழுவதையும் கால்மணி கால்மணியாகப் பகுத்து நேரத்தைச் சொல்பவை 16. 5,24,288 அடையாள எண்களுள் அந்தச் சாதனத்துக்குரியது எது என்று சொல்பவை 19. பார்ப்பவர் உணராதவாறு இம்மியளவே செய்யும் மாறுதல்களை, ஐந்து நிமிஷத்தில் ஓடும் 7,200 ஃபிரேம்களிலும் பரப்பி வைக்கலாமாதலால், கோணலாகப் பிடித்தாலும், ஓரத்தை வெட்டினாலும், கோப்பைச் சுருக்கினாலும் குறி எளிதில் அழிவதில்லை.

இதன் சாட்சியம் எவ்வளவு தூரம் செல்லும் என்பதற்கு, 2004-இல் அமெரிக்காவில் நடந்த விவகாரம் தக்க திருஷ்டாந்தம். ஆஸ்கார் வாக்களிப்புக்காக அகாதமி அங்கத்தினர்களுக்குத் தனித்தனிக் குறியுடன் அனுப்பப்பட்ட ‘சம்திங்ஸ் காட்டா கிவ்’ படம் இணையத்தில் உலவத் தொடங்கியபோது, அக்குறி நடிகர் கார்மைன் கரிடிக்குச் சென்ற பிரதியைக் காட்டிற்று. அகாதமி அவரை நீக்கியது. அவர் கொடுத்த பிரதிகளை நகலெடுத்தவர் அவருடைய நண்பரே என்பது பிற்பாடு வெளியாயிற்று. நம்பிக்கைக்குப் பங்கம் நேர்ந்த இடத்தைக் குறி காட்டிற்று. நகலெடுத்தவரைக் காட்டியது விசாரணை.

இந்தியாவில் 2023-இல் திருத்தப்பட்ட சினிமாட்டோகிராஃப் சட்டம், திருட்டுத்தனமாகப் படம்பிடிப்போருக்கு 3 மாதம் முதல் 3 ஆண்டு வரை சிறையும், 3 லட்சம் ரூபாய் முதல் தயாரிப்புச் செலவில் 5 சதவீதம் வரை அபராதமும் விதிக்கிறது. ஆனால், அக்குற்றத்துக்குத் தியேட்டர்காரர் உடந்தையா, அஜாக்கிரதையா, அல்லது டிக்கெட் வாங்கி வந்த யாரோ ஒருவரின் கைவரிசையா என்பதை 35 பிட்டுகள் சொல்லமாட்டா. குறி சுட்டிய காட்சியில் கண்காணிப்புக் கேமரா என்ன கண்டது, புரொஜெக்டர் அறைக்குள் யார் நுழைந்தார்கள் என்று பொறுமையுடன் விசாரிப்பார் இல்லாதவிடத்து, இந்த அரிய யுக்தியால் விளையும் பிரயோஜனம் அற்பமே.