மொரீசியஸ் தமிழரும் மொழியும்

இந்தியப் பெருங்கடலிலுள்ள மொரீசியஸ் தீவுக்கு 1834 முதல் ஏறத்தாழ நாலரை இலட்சம் இந்தியர் கரும்புத் தோட்டக் கூலிகளாகக் கொண்டு செல்லப்பட்டனர். அவர்களுள் தமிழரும் இருந்தனர். அவர்தம் வழித்தோன்றல்களிடம் எது மாறியது? எது நிலைத்தது?

மாறியது மொழி. பல இனத்தவர் கலந்து வாழ்ந்த அத்தீவில் பொதுப் பேச்சாக இருந்தது, பிரெஞ்சு மொழியிலிருந்து பிறந்த கிரியோல். பள்ளிக்கும் அலுவலகத்துக்கும் ஆங்கிலமும் பிரெஞ்சும் வேண்டியிருந்தன. அன்றாடப் பயன் குறையவே, வீட்டிலும் தமிழ் ஒடுங்கியது. இன்று அங்குள்ள தமிழருள் பெரும்பாலோர் பேசுவது கிரியோலே.

நிலைத்தது வழிபாடு. தைப்பூசக் காவடி அங்கே பொது விடுமுறை நாளாகும். காவடி எடுப்பதும் அலகு குத்துவதும் உடன் நின்று, பார்த்துப் பழகுபவை. ஆதலால் மொழி தளர்ந்த பின்னும் அவை தளரவில்லை.

தமிழ்ப் பற்றும் மறையவில்லை. 1998இல் வெளியான ரூபாய் நோட்டுகளில் தமிழெழுத்து இந்திக்குப் பின்னே வைக்கப்பட்டது. தமிழர் எதிர்த்தனர். நோட்டுகள் திரும்பப் பெறப்பட்டு, 1999இல் தமிழ் பழைய இடத்தில் அச்சேறியது.

எனினும், எழுத்தறியாத பிள்ளைக்கு நோட்டிலுள்ள தமிழ் வெறும் கோலமன்றோ? திருவிழா ஆண்டுக்கொருமுறை வந்தாலும் வாழும். மொழியோ நாள்தோறும் வாயில் வழங்கினால்தான் வாழும். முதன்முதலாகக் கல்லூரி வாயிலை மிதித்துள்ள எம் போன்றோர் வீடுகளில், ஆங்கிலம் பேசுவதே படிப்பின் அடையாளம் என்னும் எண்ணம் முளைத்து வருகிறது. அங்கும் தமிழ் ஒரே நாளில் ஒடுங்கிவிடவில்லை என்பதை நாம் நினைவிற் கொள்வோமாக!