மூன்று மாதத்துக்கு முந்தைய புகை

திருச்செங்கோட்டிலிருந்து கிளம்பும் ரிக் வண்டிகள் மத்தியப் பிரதேசம், ராஜஸ்தான் என்று மாதக்கணக்கில் சுற்றிப் போர்வெல் போடுகின்றன. அதில் வேலை பார்க்கிறவர் ஆடி நோம்பிக்கு ஊர் வருகிறார். குழந்தை தள்ளிப்போகிறது, சேலம் போய் விந்துப் பரிசோதனை செய்கிறார். "ஊருக்கு வந்தப்புறம் ஒரு பீடிகூடத் தொடலைங்க" என்கிறார். பொய்யில்லை. ஆனால் மைக்ராஸ்கோப்பின் கீழ் நெளிபவை ஊரில் உருவானவையே அல்ல.

விந்தணு ஒன்று உருவாகி முடியச் சுமார் 74 நாள் ஆகிறது. அதன்பின் விதையை ஒட்டிச் சுருண்டு கிடக்கும், பிரித்தால் ஆறு மீட்டர் நீளும் நுண்குழாயில் நீந்தும் திறன் பெற மேலும் ஓரிரு வாரம். ஆக, ஆடியில் கொடுக்கும் மாதிரி சித்திரையில் தொடங்கியது. சித்திரையில் இழுத்த புகையும் அதன் கணக்கில் சேரும்.

இவ்வளவு பாடுபட்டு உருவாகும் அணு ஏன் இத்தனை நொய்ந்தது? வேகத்துக்காக அது தன் செல் நீரை ஏறக்குறைய முழுவதும் உதறிவிடுகிறது. காப்பு நொதிகளில் பெரும்பகுதியும், பழுதுபார்க்கும் திறனும் அதோடு போய்விடுகின்றன. ஸ்டெப்னியும் டூல்ஸ் பெட்டியும் இல்லாமல் லோடு ஏற்றிய லாரிதான். போதாததற்கு, அதன் சவ்வில் இருப்பது எளிதில் ஆக்சிஜனேற்றம் அடையும் கொழுப்பு. புகையிலை நச்சுகள் பெருக்கும் ஆக்சிஜன் தனியுறுப்புகள் சவ்வை அரிக்கின்றன, டிஎன்ஏ இழையை முறிக்கின்றன.

20 ஆய்வுகளில் இருந்த 5,865 ஆண்களின் தரவுகளை 2016இல் சேர்த்துப் பார்த்தபோது, புகைப்பவர்களிடம் விந்தணு எண்ணிக்கையும் அசைவும் குறைந்திருந்தன.

"நான் ஹான்ஸ் மட்டும்தான்" என்பவருக்கு: 2005இல் வெளியான ஆய்வொன்று, அதுபோல் புகையிலை மெல்லும் பழக்கமுள்ள 638 இந்திய ஆண்களைப் பார்த்தது. ஒரு நாளில் மெல்லும் தடவை கூடக் கூட விந்தின் தரம் இறங்கியது. அவர்கள் குழந்தையின்மைக்காகச் சோதனைக்கு வந்தவர்கள் என்பதால் அந்த முடிவை எல்லா ஆண்களுக்கும் அப்படியே பொருத்திவிட முடியாது. ஆனாலும் புகை இல்லாவிட்டால் பாதிப்பில்லை என்ற ஆறுதல் நிற்கவில்லை.

நிறுத்தினால் நிகோட்டின் சில நாளில் வெளியேறிவிடும். புகையிலைச் செடி மண்ணிலிருந்து இழுத்து இலையில் சேர்க்கும் காட்மியம் அப்படியல்ல. பத்தாண்டுகளுக்கு மேலும் உடம்பில் தங்கும். என்றாலும் மூன்று மாதத்தில் புதிய அணுக்கள் வந்துவிடுவதால்தான், புகையிலையை விட்டு அவ்வளவு நாள் பொறுக்கும்படி மருத்துவர்கள் சொல்கிறார்கள்.

முறிந்த டிஎன்ஏ இழையோடு விந்தணு வந்தால், அந்த இழையை ஓரளவு ஒட்டவைப்பது கருமுட்டைதான். பெண்ணுக்கு வயது ஏற ஏற அந்தத் திறனும் குறைகிறது. குழந்தை தள்ளிப்போனால் நம் பக்கம் முதலில் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போவதென்னவோ அவளைத்தான்.